மகளுக்கு அரசியல், அப்பாவுக்கு குரூப் 1

ஐயா, வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கல்லூரி விழாவுக்கு வந்த பெண் எம்.எல்.ஏ. ஒருவர், "நீங்களெல்லாம் பொதுவாழ்வுக்கு வரணும்" என்று பேசிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மகள் குரூப் 1 புத்தகத்தைத் தொடவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மகளைவிட அந்த அம்மா மேல்தான் உங்களுக்குக் கோபம் அதிகம் என்று தெரிகிறது.

அவர் பேசியதில் தப்பில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதல் பெண் உறுப்பினராகச் சென்னை சட்டசபைக்குள் போனது 1927இல். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கழித்து, 2021 தேர்தலில் 234 இடங்களில் ஜெயித்த பெண்கள் 12 பேர். அப்படி ஓர் அவைக்குப் போய் வந்தவர் கல்லூரிப் பெண்களைக் கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடுவார்? ஆனால் மேடையில் பத்து நிமிடம் பேசுகிறவர்கள் வயிற்றுப்பாட்டைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன்.

"முதலில் அரசு வேலையில் சேரட்டும், அப்புறம் அரசியலைப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறீர்கள். இது நடக்காது. அரசு ஊழியர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்க முடியாது. நடத்தை விதிகள் தடுக்கின்றன. தேர்தலில் நிற்க வேண்டுமென்றால் வேலையை விட வேண்டும். முப்பத்தைந்து வயதில், வீட்டுக் கடனும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் இருக்கும்போது எத்தனை பேர் ராஜினாமா எழுதுவார்கள்? துணை ஆட்சியராகவோ டி.எஸ்.பி.யாகவோ மக்களுக்குச் செய்வதும் பொதுச்சேவைதான், அவள் மனதார விரும்பினால் எழுதட்டும். ஆனால் அரசியலுக்குப் போகும் படிக்கட்டு என்று சொல்லி எழுத வைக்காதீர்கள்.

அதே நேரம், அரசியல் சம்பளம் தரும் வேலையும் இல்லை. 2023 ஜூலையிலிருந்து மாநகராட்சி கவுன்சிலருக்கு மதிப்பூதியம் மாதம் 10,000 ரூபாய், பேரூராட்சி கவுன்சிலருக்கு 2,500. கல்யாணம், காதுகுத்து, சாவு என்று வார்டுக்குள் போய் வரவே இது போதாது. ஆகவே அவளுக்கு நேரம் தன் கையில் இருக்கும் ஒரு பிழைப்பு வேண்டும். என் யோசனை, பட்டம் முடித்ததும் மூன்று ஆண்டு சட்டப்படிப்பு. வக்கீலாகவும் சம்பாதிக்கலாம், தேர்தலிலும் நிற்கலாம், பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் அலைகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். அரசியலில் பெயர் எடுத்த பலர் இப்படித்தான் தொடங்கினார்கள்.

வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இலேயே சட்டம் வந்துவிட்டது. 21 வயதானால் நிற்கலாம், சட்டமன்றத்துக்கு 25. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களில் கட்சிச் சின்னமே கிடையாது. 2022இல் பிரியா ராஜன் 28 வயதில் சென்னை மேயரானதை மகள் உதாரணம் காட்டுவாள். காட்டட்டும். அவர் குடும்பத்தில் கட்சிப் பின்னணி உண்டு, உங்கள் வீட்டில் இல்லை என்பதையும் அவள் யோசிக்க வேண்டும். பின்னணி இல்லாத பெண்ணுக்கு ஊராட்சிதான் நேர்வழி.

அங்கேயும் ஒரு சிக்கல். சில வருடங்களுக்கு முன் ஒரு கிராம சபைக்குப் போயிருந்தேன். தலைவர் நாற்காலியில் ஓர் அம்மா, பக்கத்தில் அவர் வீட்டுக்காரர். தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை என்று எதைக் கேட்டாலும் பதில் சொன்னது வீட்டுக்காரர்தான். அம்மா தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். இன்னோர் ஊரில் நேர்மாறு. தலைவராயிருந்த பெண் செக் புத்தகத்தைத் தன் மஞ்சள் பையிலேயே வைத்திருந்தார். அப்போது காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. "பில்லைப் படிச்சுட்டுத்தான் போடுவேன்" என்று ஒப்பந்தக்காரரை அரை மணி நேரம் உட்கார வைத்தார். படித்தது பத்தாம் வகுப்பு. என்னைக் கேட்டால், உங்கள் மகள் மேடைப்பேச்சைக் கேட்பதைவிட இந்த மாதிரி ஒருவர் பக்கத்தில் ஆறு மாதம் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது மேல்.

இப்போதே ஒன்று செய்யலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. உங்கள் ஊர் ஊராட்சிதான், அவளுக்கு ஓட்டும் இருக்கிறது. போகட்டும். வரவு செலவை வாசிப்பார்கள், பெரும்பாலும் வேகமாக. ஒரே ஒரு வேலையை அவள் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு வாய்க்கால் தூர்வாரியதாக இருந்தாலும் சரி. எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று குறித்துக்கொண்டு, மறுநாள் அந்த இடத்துக்கே நடந்துபோய்ப் பார்க்கட்டும். அடுத்த சபையில் எழுந்து கேட்கட்டும். நாலு பேர் சிரிப்பார்கள், ஒருவர் "யார் வீட்டுப் பொண்ணு?" என்பார். இரண்டு வருடம் இதைத் தாங்கினாள் என்றால் அவள் ஆசை நிஜம். மூன்றாவது கூட்டத்துக்கே போக மனம் வரவில்லை என்றால் குரூப் 1 புத்தகம் அலமாரியில்தானே இருக்கிறது.

முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். பின்வரிசையில் உட்காருங்கள். அவள் தடுமாறினாலும் எழுந்து அவளுக்காகப் பேசிவிடாதீர்கள்.