ரவுண்டானாவில் வெளி லேனில் சுற்றினேன், தப்பு என்னுடையதா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு மாலை, அம்மாவைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து கார் ஓட்டிப் போனேன். இரண்டு லேன் கொண்ட ரவுண்டானா. நான் வலதுபக்கச் சாலைக்குப் போக வேண்டும். உள்ளே ஒதுங்கினால் வெளியே வர யாரும் வழி விடமாட்டார்கள் என்ற பயத்தில் வெளி லேனிலேயே சுற்றினேன். நேர் சாலை பிரியும் இடத்தில், எனக்கு வலப்பக்கம் உள் லேனில் வந்த கார் சட்டென்று இடதுபக்கம் வெட்டி என் முன்கதவில் மோதியது. ஓட்டியவர், "வெளி லேனில் வந்தால் நேராக வெளியே போக வேண்டியதுதானே, எதற்குச் சுற்றினீர்கள்?" என்று சத்தம் போட்டார். காவல் நிலையத்தில், அவரவர் வண்டிச் செலவை அவரவர் பார்த்துக்கொள்வது என்று இருவரிடமும் எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர் இல்லை. மறுநாள் அம்மாவுக்குக் கை வீங்கியது. எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பு முறிவு. இப்போது அந்த ஆள் போன் செய்து 40,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்காவிட்டால் என் மேல் கேஸ் வரும் என்கிறார். கொடுத்துத் தொலைத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் முக்கால் பங்கு லேன் பற்றியும் கதவு பற்றியும்தான் இருக்கிறது. அம்மாவின் மணிக்கட்டு ஒரே வரியில் வந்து போகிறது. சட்டத்தின் கண்ணில் இந்த விபத்தில் பெரிய விஷயம் அந்த மணிக்கட்டுதான். அதற்கு வருகிறேன். முதலில் உங்களைத் தூங்கவிடாத லேன் கேள்வியை முடித்துவிடுவோம்.

நம் ஊரில் ரவுண்டானா என்றால் பலருக்கு அது ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர், சென்னை அண்ணாநகரில் நிஜமாகவே அப்படித்தான். அதில் எப்படி ஓட்டுவது என்று லைசென்ஸ் எடுக்கும்போது யாரும் சொல்லித் தருவதில்லை. கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானாவும் யூ டர்னும் வைத்த பிறகு, சிவப்பு பச்சை பார்த்துப் பழகியவர்கள் எல்லாரும் ஒரே நாளில் புதுப் பாடம் படிக்க வேண்டியதாகிவிட்டது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 118-வது பிரிவின்கீழ் மத்திய அரசு 2017-ல் வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அதற்கு முன் 1989-ல் வந்த சாலை விதிகள் இருந்தன. இவற்றிலிருந்து உங்களுக்கு வேண்டியது மூன்று விஷயங்கள். ரவுண்டானாவுக்குள் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு, புதிதாக நுழைகிற வண்டி வழி விட வேண்டும். இடதுபக்கம் திரும்புகிறவர் இடது ஓரத்தை ஒட்டியும், வலதுபக்கம் திரும்புகிறவர் சாலையின் நடுப்பகுதியை ஒட்டியும் வர வேண்டும். லேன் மாறுகிறவர் இண்டிகேட்டர் போட்டு, பக்கத்தில் வருகிற வண்டிக்கு இடைஞ்சல் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் மாற வேண்டும்.

இரண்டாவது விதியை ரவுண்டானாவில் பொருத்திப் பாருங்கள். முதல் வழியில் இடதுபக்கம் போகிறவருக்கு வெளி லேன். முக்கால் வட்டம் சுற்றி வலதுபக்கச் சாலைக்குப் போகிறவரும், வந்த வழியே திரும்புகிறவரும் உள் லேனில் சுற்றி, தன் வழிக்கு முந்தின வழியைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டர் போட்டு வெளியே வர வேண்டும். நேராகப் போகிறவர் பொதுவாக வெளி லேனில் வருவது நல்லது. ஆக, வலதுபக்கம் போக வேண்டிய நீங்கள் உள் லேனில்தான் சுற்றியிருக்க வேண்டும். இதில் உங்களுக்குச் சாதகமாகப் பேச முடியவில்லை, மன்னிக்கவும். உங்கள் பயம் புரிகிறது. நானும் சில ரவுண்டானாக்களில் உள்ளே மாட்டி இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறேன். ஆனால் வழி விடாவிட்டால் இன்னொரு சுற்றுச் சுற்றுவதுதான் சரியான வழி.

சரி, அப்படியானால் விபத்துக்கு நீங்கள்தான் காரணமா? இங்கேதான் அந்த மனிதர் குழப்புகிறார். தவறான லேனில் இருப்பது ஒன்று, விபத்தை உண்டாக்குவது வேறு. 2020-ல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போனார்கள், பின்னால் வந்த கார் மோதியது. மூன்று பேர் போனது சட்ட மீறல்தான். ஆனால் அந்த மீறலுக்கும் மோதலுக்கும் காரணத் தொடர்பு இருந்தால்தான் அவர்கள் மேலும் பங்கு சுமத்த முடியும், மீறல் இருந்தது என்பதற்காக மட்டும் இழப்பீட்டை வெட்ட முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

உங்கள் விபத்தில் உங்கள் கார் தன் லேனிலேயே போய்க்கொண்டிருந்தது. அவர் உள் லேனிலிருந்து உங்கள் லேனைக் குறுக்கே கடந்துதான் வெளியேற முடியும். கடக்கிறவர்தான் கண்ணாடி பார்க்க வேண்டும், பக்கத்தில் வண்டி இருந்தால் விட்டுவிட்டுப் போக வேண்டும். வெளி லேனில் இருக்கிறவர் எப்படியும் வெளியேறிவிடுவார் என்று அவர் நினைத்துக்கொண்டது ஓர் ஊகம். ஊகத்தின் பேரில் குறுக்கே வெட்டுவதற்கு எந்த விதியும் அனுமதி தரவில்லை. அடிபட்டது உங்கள் வலது முன்கதவு, அவருக்கு அநேகமாக இடது முன்பக்கம். யார் யார் பாதையில் புகுந்தார் என்பதை அந்தத் தகரமே சொல்லும். பெரும்பங்கு அவர் மேல் என்பது என் கணிப்பு. ஆனால் நீங்கள் வலதுபக்கம் சுற்றப்போகிறீர்கள் என்று காட்ட இண்டிகேட்டர் போட்டிருந்தீர்களா? கடிதத்தில் இல்லை. போடவில்லை என்றால், அல்லது அந்த நேரம் தவறுதலாக இடது இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருந்தால், உங்கள் மேலும் ஒரு பங்கு வரத்தான் செய்யும்.

இன்னொன்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ரவுண்டானாவுக்குள் நுழையும் இடத்தில் தரையில் அம்புக்குறி வரைந்திருக்கிறதா? சட்டத்தில் போக்குவரத்துக் குறியீடு என்ற சொல்லுக்குள் சாலையில் வரைந்த குறிகளும் அடங்கும். வெளி லேனில் இடது, நேர் என்று இரண்டு அம்பு மட்டும் போட்டிருந்தால் உங்கள் பக்கம் பலவீனமாகும். எதுவுமே வரையவில்லை, அல்லது தேய்ந்து அழிந்திருக்கிறது என்றால் அவருடைய "வெளியே போயிருக்க வேண்டியதுதானே" வாதத்துக்குப் பிடிமானமே இல்லை. எப்படியிருந்தாலும் இந்த வாரமே போட்டோ எடுத்து வையுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்துவிட்டால் அன்றைக்கு என்ன இருந்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு. பக்கத்துக் கடைகளில் கேமரா இருந்தால் இன்றே கேளுங்கள், பழைய பதிவு மேல் புதுப் பதிவு ஏறிக்கொண்டே இருக்கும். மூன்று வாரம் ஆகிவிட்டது என்பதுதான் என் கவலை. உங்களை இடித்தவர் தன்னிடம் கேமரா பதிவு இருக்கிறது என்று சொன்னால் அந்த வார்த்தையைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவைத் தாக்கல் செய்யச் சொல்லி நாமே கேட்கலாம்.

இனி அந்த 40,000 ரூபாய். காவல் நிலையத்தில் எழுதிய காகிதம் உங்களை மட்டும் கட்டுகிற கயிறு இல்லை. அவரவர் வண்டியை அவரவர் பார்ப்பதாக அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்புறம் எந்த முகத்தோடு உங்களிடம் பணம் கேட்கிறார்? அதையும் மீறி அவர் கேட்க நினைத்தால், அவர் போக வேண்டிய இடம் உங்கள் பர்ஸ் அல்ல, உங்கள் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ். தனியார் காருக்கு அதில் பிறர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. உங்கள் நிறுவனத்தைக் கேட்காமல் நீங்களாகப் பணம் கொடுப்பதும், தப்பு என்னுடையதுதான் என்று வாட்ஸ்அப்பில் எழுதுவதும் பாலிசி நிபந்தனைக்கு எதிராகப் போய் முடியும். "சாரி சார்" என்று ஏதாவது அனுப்பியிருக்கிறீர்களா? அனுப்பியிருந்தால் அழிக்க வேண்டாம், இனிமேல் அனுப்பாமல் இருந்தால் போதும்.

உங்கள் காரின் சேதத்துக்கு, முழுப் பாலிசி இருந்தால் சொந்தச் சேதத்தின்கீழ் கேளுங்கள். யார் தப்பு என்பது அதற்குப் பொதுவாகத் தேவையில்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் இன்றே கொடுங்கள், தாமதத்துக்கு அம்மாவின் சிகிச்சையைக் காரணமாக எழுதுங்கள், இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன் கதவை மாற்றாதீர்கள். நோ கிளைம் போனஸ் போகும். அது கிளைம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தருகிற, 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுகிற சலுகை. உங்களுடையது எந்தப் படியில் இருக்கிறது, கதவுச் செலவு எவ்வளவு என்று கூட்டிக் கழித்து முடிவெடுங்கள். அவரிடமிருந்து கதவுக் காசை வாங்க வழக்குப் போட நினைத்தால், கையெழுத்திட்ட அதே காகிதம் உங்களுக்கும் குறுக்கே நிற்கும். கதவை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அம்மாவின் கையை விடக் கூடாது. அம்மா எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் போட்ட கையெழுத்து அவருடைய உரிமையைத் தொடாது. எலும்பு முறிவு என்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவின்படி கொடுங்காயம். அஜாக்கிரதையாக ஓட்டிக் கொடுங்காயம் உண்டாக்குவது 125-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். காவல் நிலையத்தில் அன்றைக்கு யாருக்கும் காயம் தெரியவில்லை, அதனால் பேசி முடித்தார்கள். இப்போது எக்ஸ்ரே இருக்கிறது. எக்ஸ்ரே, மருத்துவமனைச் சீட்டு, விபத்து மறுநாள் போனதற்கான பதிவு எல்லாவற்றோடும் அம்மா பெயரில் எழுத்துப் புகார் கொடுங்கள். புகார் வந்தது என்பதற்கான வெறும் சி.எஸ்.ஆர் ரசீதோடு திருப்பி அனுப்பப் பார்த்தால் எஃப்.ஐ.ஆர் வேண்டும் என்று கேளுங்கள். பதிவு செய்ய மறுத்தால் புகாரை எஸ்.பி.க்கு, கோவை மாநகரம் என்றால் கமிஷனருக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். இடித்த அந்த ஆள் உங்கள் மேல் எதிர்ப் புகார் கொடுக்கலாம். கொடுக்கட்டும். அந்தப் பயத்தில்தான் பலர் நியாயமான புகாரைக் கொடுக்காமல் விடுகிறார்கள்.

இழப்பீட்டுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவு. கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய், உயிரிழப்புக்கு 5 லட்சம். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இதில் யார் தப்பு என்று நிரூபிக்கவே வேண்டாம். உள் லேன், வெளி லேன், இண்டிகேட்டர் எதுவும் பேச வேண்டியதில்லை. மற்றது 166-வது பிரிவு. சிகிச்சைச் செலவு, வருமான இழப்பு, வலி, ஊனம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் கேட்கலாம், ஆனால் அவர் அஜாக்கிரதையாக ஓட்டினார் என்று காட்ட வேண்டும். 164-ன்கீழ் தொகையை ஏற்றுக்கொண்டால் 166 மனு காலாவதியாகிவிடும். எனவே மணிக்கட்டு முழுமையாகக் குணமாகிறதா, கை மடங்குகிறதா என்று எலும்பு மருத்துவர் சொன்ன பிறகு எது லாபம் என்று பாருங்கள். நிரந்தர ஊனம் இல்லாத சாதாரண முறிவுக்கு 164 பல நேரம் போதுமானதாகவே இருக்கும். 166-ல் போனால் அம்மா சீட் பெல்ட் போட்டிருந்தாரா என்றும் எதிர்த்தரப்பு கேட்கும், அந்தப் பதிலையும் தயாராக வையுங்கள்.

166-ல் போவதாக இருந்தால் இன்னொரு செய்தி. உங்கள் மேல் பாதித் தப்பு என்று, இந்த மனுக்களை விசாரிக்கிற மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொன்னாலும் அம்மாவின் தொகை பாதியாகாது. அவர் வண்டி ஓட்டவில்லை. இரண்டு ஓட்டுநரின் தப்பால் ஒரு மூன்றாம் ஆளுக்கு அடிபட்டால், அவர் முழுத் தொகையையும் இருவரில் யாரிடமும் கேட்கலாம் என்று 2015-ல் கென்யே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாதுகாப்புக்காக உங்களையும் உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பார்கள். "பெற்ற மகள் மேலேயே கேஸா" என்று அம்மா கலங்குவார், சொல்லிப் புரிய வையுங்கள், தீர்ப்பாயங்களில் இது தினமும் நடப்பது. உங்களுடையது முழுப் பாலிசியா, தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள வெறும் சட்டக் கட்டாயப் பாலிசியா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். இரண்டாவது வகையில் சொந்தக் காரில் இருந்தவருக்குப் பாதுகாப்பு வராது. அம்மாவுக்கும் உங்களுக்கும் ஒரே வக்கீல் வேண்டாம், இருவர் நலனும் அந்த வழக்கில் எதிரெதிர்.

தீர்ப்பாயத்தில் மனுப் போட விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் உண்டு, நீங்கள் அவற்றை நம்பி உட்கார வேண்டாம். அம்மா வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம்.

அந்த ஆள் மறுபடி அழைத்தால் சத்தம் போடாதீர்கள். அவருடைய இன்சூரன்ஸ் பாலிசி எண்ணைக் கேளுங்கள், அம்மாவின் மனுவுக்கு அது வேண்டும்.