ரெண்டு பக்கத்துக்கு மேல உட்கார மாட்டேங்குறா! - வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல சின்னப் பசங்களுக்கு புக் படிச்சுக் காட்டுறதைப் பத்தித்தான். எல்லாத்தையும் போட இடம் இல்ல, நாலு மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி: என் பொண்ணுக்கு ரெண்டரை வயசு. டெய்லி நைட் கதை புக் எடுத்துட்டு உட்காருறேன், ரெண்டு பக்கத்துக்கு மேல கேக்க மாட்டேங்குறா. நான் ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள பக்கத்தைத் திருப்பிடுறா, நடுவுல எந்திரிச்சு ஓடிடுறா. இதுவரைக்கும் ஒரு கதையைக்கூட முழுசா முடிச்சதில்ல. அவளுக்கு இன்ட்ரஸ்ட் இல்லையா, இல்ல நான்தான் தப்பா பண்றேனா?

பதில்: பக்கத்தைத் திருப்புற குழந்தைக்கு புக்ல இன்ட்ரஸ்ட் இல்லன்னு யாருங்க சொன்னது? ரெண்டரை வயசுல புக்கை நேரா பிடிச்சு, எந்தப் பக்கத்துலேர்ந்து திருப்பணும்னு தெரிஞ்சு திருப்புறதே ஒரு பாடம்தான், அதை அவ தானாவே கத்துக்கிட்டிருக்கா. கதையை முடிக்கணும்ங்கிறது நம்ம கவலை. அவளுக்கு அந்தப் பக்கத்துல கட்டிலுக்கு அடியிலேர்ந்து எட்டிப் பாக்குற பூனை வால் மட்டும் போதும்.

அதனால வரியை விட்டுடுங்க. அவ விரல் எங்க நிக்குதோ அங்க நீங்களும் நில்லுங்க. "இது யாரோட வாலு?"ன்னு கேளுங்க, கேட்டுட்டு சும்மா இருங்க. இந்த சும்மா இருக்கிறதுதான் நமக்கெல்லாம் வரவே வராது, மூணு செகண்ட் ஆச்சுன்னா நாமளே பதிலையும் சொல்லிடுவோம், அதனால மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. அவ "பூன"ன்னு சொன்னா "ஆமா, பூனைதான், பயந்துபோய் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிச்சு"ன்னு, அவ குடுத்த ஒத்தை வார்த்தையை வாங்கி கொஞ்சம் பெருசாக்கித் திருப்பிக் குடுங்க. அவ்ளோதான். ரெண்டு பக்கம் இப்படிப் போனா அது நல்ல நைட்டு. எந்திரிச்சு ஓடினா விடுங்க, பிடிச்சு இழுத்து உட்கார வச்சா புக்குன்னாலே மல்லுக்கட்டுன்னு ஆயிடும்.

இது என் சொந்த யோசனை இல்ல. 1988ல வைட்ஹர்ஸ்ட்ங்கிற அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளரும் அவர் டீமும் ரெண்டு வயசை ஒட்டின பசங்களோட பேரன்ட்ஸை ரெண்டு குரூப்பா பிரிச்சுப் பாத்தாங்க. ரெண்டு குரூப்பும் வீட்டுல கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வாசிச்சாங்க, ஒரு குரூப்புக்கு மட்டும் இந்த மாதிரி கேள்வி கேட்டு, குழந்தை சொன்னதை விரிச்சுச் சொல்றதுக்குப் பயிற்சி குடுத்தாங்க. ஒரே மாசத்துல அந்தப் பசங்க பேச்சுல முந்திட்டாங்க, 9 மாசம் கழிச்சுப் பாத்தப்போ அந்த வித்தியாசம் குறைஞ்சிருந்துச்சு, ஆனா போயிடல. எவ்ளோ வாசிச்சோம்ங்கிறது மட்டும் இல்ல, நடுவுல எவ்ளோ பேசினோம்ங்கிறதும்தான் கணக்கு.

பேச்சுக்கும் பின்னாடி படிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. 1986ல காஃப், டன்மர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்ங்க இதை ஒரு பெருக்கல் கணக்கா சொன்னாங்க. எழுத்தைப் பாத்து வார்த்தையா சொல்லத் தெரியணும், அந்த வார்த்தை புரியவும் செய்யணும், ரெண்டையும் பெருக்கினாதான் வாசிப்பு, ஒண்ணு சைபர்னா விடையும் சைபர். எழுத்தை நாலஞ்சு வயசுல சொல்லிக் குடுத்துக்கலாம், ஆனா அந்த புரியிற பக்கம் இப்பவே உங்க மடியில உட்கார்ந்து சேந்துக்கிட்டிருக்கு.

கேள்வி: பையனுக்கு நாலு வயசு. நாலு மாசமா ஒரே புக்தான், வேற எதை எடுத்தாலும் அழுகை. இப்போ அது மனப்பாடம் ஆயிடுச்சு, தானே பக்கம் திருப்பிக்கிட்டு படிக்கிற மாதிரி சொல்றான், ஆனா ஒரு எழுத்துகூடத் தெரியாது. இதை நிறுத்தணுமா சார்?

பதில்: நிறுத்திடாதீங்க சார், தயவுசெஞ்சு. நமக்குத்தான் அது நூறாவது தடவை, அவனுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு கிடைக்குது. இங்கிலாந்துல சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல 2011ல மூணு வயசுப் பசங்களுக்குக் கதை வழியா புது வார்த்தைங்க சொல்லிக் குடுத்துப் பாத்தாங்க, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட பசங்கதான் வேற வேற கதை கேட்டவங்களை விட அந்த வார்த்தைங்களை நல்லா ஞாபகம் வச்சிருந்தாங்க, இத்தனைக்கும் எல்லாரும் அந்த வார்த்தைங்களைக் கேட்டது ஒரே அளவுதான்.

ஆனா ஒரு விஷயம். நாம வாசிக்கும்போது சின்னப் பசங்க கண்ணு பெரும்பாலும் படத்துலதான் இருக்கும், எழுத்துப் பக்கம் ரொம்பக் கொஞ்சமாதான் போகும், கண் அசைவை அளந்து பாத்த ஆராய்ச்சியிலயும் அப்படித்தான் வந்திருக்கு. அதனால எப்பவாவது, எல்லா வரிக்கும் வேணாம், விரலை எழுத்துக்கு அடியில ஓட்டிக்கிட்டே வாசிங்க. மனப்பாடம் ஆன புக்லதான் இது ரொம்ப நல்லா வேலை செய்யும். அவனை விரல் வச்சுச் சொல்லச் சொல்லுங்க, வரியில இன்னும் ரெண்டு வார்த்தை மிச்சம் இருக்கும்போதே அவன் சொல்லி முடிச்சிடுவான், விரல் பாதியில நிக்கும், உங்களை நிமிர்ந்து பாப்பான். வாயில சொல்றதும் அந்தக் கறுப்புக் கோடும் ஒண்ணுக்கொண்ணு சேரணும்னு அவனுக்குப் பிடிபடுற நேரம் அது. அப்போ திருத்தாதீங்க, "வா, இன்னொரு வாட்டி மெதுவா போலாம்"னு சொன்னா போதும்.

அவன் பேர்ல இருக்கிற முதல் எழுத்து அந்தப் பக்கத்துல எங்கெல்லாம் இருக்குன்னு தேட விடுங்க. நம்ம மொழியில 247 எழுத்து, அத்தனையும் சார்ட்ல பாத்து ஒப்பிக்க வைக்கிறதை விட தனக்குச் சொந்தமான ஒரே எழுத்தை கதைக்குள்ள கண்டுபிடிக்கிறது அவனுக்கு எவ்ளோ சந்தோஷம்னு நீங்களே பாப்பீங்க.

கேள்வி: புக்ல "வந்துவிட்டான்"னு இருக்கு, நாங்க "வந்துட்டான்"னுதான் பேசுறோம். இருக்கிறபடி படிச்சா குழந்தை முழிக்குது, மாத்திச் சொன்னா தப்பா கத்துக்குமோன்னு பயமா இருக்கு.

பதில்: ரெண்டும் வேணும். முதல் தடவை நம்ம பேச்சுலயே கதையைச் சொல்லிடுங்க, கதை புரிஞ்சு பிடிச்சுப்போனதும் அடுத்தடுத்த தடவை அச்சுல இருக்கிறபடி வாசிங்க. அர்த்தம் ஏற்கெனவே தெரியுங்கிறதால "வந்துவிட்டான்" அவங்களுக்கு அந்நியமா இருக்காது, கொஞ்ச நாள்ல விளையாடும்போது பொம்மைக்கு "ராஜா வந்துவிட்டார்!"னு குரலை மாத்திச் சொல்லுவாங்க. வீட்டுல யாருமே பேசாத அந்த எழுத்து நடை குழந்தை காதுல முதல்ல விழுறது பெரும்பாலும் இப்படி வாசிச்சுக் காட்டும்போதுதான். அது காதுக்குப் பழகாமலே ஸ்கூலுக்குப் போற குழந்தை புது எழுத்து, புது நடைன்னு ரெண்டோடயும் ஒரே நேரத்துல போராட வேண்டியிருக்கு, பாவம்.

கேள்வி: நான் அதிகம் படிக்கலைங்க, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். போன்ல ஆப் அழகா கதை படிக்குது, பேத்திக்கு அதைப் போட்டுக் குடுத்துட்டா போதாதா?

பதில்: போதாதும்மா. ஆப் கதை சொல்லும், ஆனா பேத்தி "இது ஏன் அழுவுது?"ன்னு கேட்டா நின்னு பதில் சொல்லாது. டேப்லெட்டைக் கையில வச்சுப் படிக்கும்போது பெரியவங்களும் குழந்தையும் கதையைப் பத்திப் பேசிக்கிறதே குறைஞ்சு போகுதுன்னு 2019ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வு சொல்லுது.

நீங்க எழுத்தே இல்லாத படப் புக்ல ஆரம்பிங்க. படத்தைப் பாத்து உங்க வாய்க்கு வந்த கதையைச் சொல்லுங்க, உங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு, விடுகதை எல்லாத்தையும் உள்ள போடுங்க. அப்புறம் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி இருக்கிற புக் எடுத்துக்கலாம். அதுல ஒரு வார்த்தையில நீங்க திக்கி, விரல் வச்சு ஒவ்வொரு எழுத்தா கூட்டி, கடைசியில சரியா சொல்றதை அவ பக்கத்துல இருந்தே பாக்கட்டும், வெக்கமே படாதீங்க, அவளும் கொஞ்ச நாள்ல அதே மாதிரிதான் கூட்டிக் கூட்டிப் படிக்கப் போறா.