குருத்து விரியாத செம்பனைக்கு இப்போது உரம் வைக்கலாமா?

கேள்வி: மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய் பக்கத்தில் 6 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்திருக்கிறேன். மரங்களுக்கு 12 வயது. ஜனவரியிலிருந்து சரியான மழை இல்லை, வெயிலும் தாங்க முடியவில்லை. குருத்துகள் விரியாமல் ஈட்டி மாதிரி நிற்கின்றன. அடிமட்டைகள் ஒடிந்து தொங்குகின்றன. முன்பும் இதே அளவு மழையில்லாமல் இருந்ததுண்டு, மரம் இப்படி ஆனதில்லை. உரத்தைக் கூட்டி வைக்கட்டுமா?

பதில்: வணக்கம் ஐயா. இப்போது உரம் வேண்டாம். யூரியா காலைப் பனியில் கரையும், உள்ளே இறங்க மழை இருக்காது, சத்து காற்றோடு போய்விடும். பணம் வீண்.

மழை பழைய அளவுதான், மரம் மட்டும் ஏன் வாடுகிறது என்று கேட்டீர்களே, அதுதான் முக்கியமான கேள்வி. மண்ணில் ஈரம் இருந்தால் வெயிலின் பெரும்பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகும். மண் காய்ந்துவிட்டால் அதே வெயில் நேராகக் காற்றைச் சுட வைக்கும். சுட்ட காற்று இலையிலும் மண்ணிலும் மிச்சமிருக்கும் நீரையும் இழுக்கும். 1 டிகிரி கூடினால் காற்று ஏந்தக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். இப்படி வறட்சியும் வெப்பமும் ஒன்றையொன்று ஏற்றிவிடுகின்றன. பூமி சூடாகிவருவதால், மழை துளியும் குறையாவிட்டாலும் வருகிற வறட்சி முன்பைவிடச் சூடாகவே வரும். மழையும் குறைகிற இடங்களில் இரண்டும் சேர்ந்து அடிக்கடி வரும். 1950களிலிருந்தே உலக அளவில் இது கூடியிருக்கிறது என்று 2021இல் ஐ.நா. காலநிலைக் குழு சொன்னது. நம் நாட்டின் வடக்கில், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் இரண்டும் கைகோத்து வருவதைப் பார்த்திருக்கிறோம். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது.

செம்பனை இந்தக் காற்றுக்குப் பயந்து இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். நீர் மிஞ்சும், ஆனால் உணவு தயாரிக்கக் காற்று உள்ளே போகாமல் மரம் பட்டினி கிடக்கும். விரியாத குருத்து அதன் அடையாளம்.

மதியம் 2 மணிக்கு நிரைக்கு நடுவே வெறும் மண்ணில் கை வையுங்கள், சுடும். அடுக்கிய மட்டைகளை விலக்கி அதன் அடியில் வையுங்கள், குளிர்ச்சியாக, கொஞ்சம் ஈரமாகவே இருக்கும். உங்கள் வேலை அந்த நிழலைப் பெருக்குவதுதான். வெட்டும் மட்டையை எரிக்காமல் நிரை நடுவே பரப்புங்கள். ஆலையிலிருந்து பழம் உதிர்த்த வெறுங்குலை கிடைத்தால் ஒரே அடுக்காகப் போடுங்கள். குவித்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும். களைக்கொல்லியை மரவட்டத்திலும் நடைபாதையிலும் மட்டும் அடியுங்கள், நடுவில் இருக்கும் பெரணி மண்ணுக்குப் போர்வை. காய்ந்து தொங்கும் மட்டையை மட்டும் எடுங்கள். பச்சை மட்டையில் கை வைக்காதீர்கள், குலைக்குக் கீழே 2 மட்டையாவது நிற்கட்டும்.

மழை இரண்டு தடவை நன்றாக இறங்கி மண் நனைந்த பிறகு உரம் வையுங்கள். அதில் பொட்டாஷை விட்டுவிடாதீர்கள், இலைத்துளைகள் சரியாகத் திறந்து மூட அது வேண்டும்.

இன்னொன்று ஐயா, இதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இந்தப் பட்டினியில் சில பூங்கொத்துகள் கருகும், அதனால் சுமார் 10 மாதத்தில் குலை குறையலாம். குலை தராத ஆண் பூ கூடுவதால் ஒன்றரை இரண்டு வருடத்தில் மறுபடியும் குறையும். அப்போது உரக்காரரையோ வெட்டும் ஆளையோ குற்றம் சொல்லாதீர்கள், கையிருப்பை இப்போதே கொஞ்சம் ஒதுக்குங்கள். மழை வந்தபின் குருத்து எத்தனை நாளில் விரிகிறது என்று 10 மரத்தில் எண்ணி எனக்கு எழுதுங்கள். விரியவில்லை என்றால் குருத்தழுகலா என்று பார்த்துவிடலாம்.