இன்சுலின் பேனா: டோஸை ஏற்றும் முன் பேனாவைப் பாருங்கள்
வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

என் அம்மாவுக்கு 58 வயது. காலை 24, இரவு 16 யூனிட் என்று 30/70 கலவை இன்சுலினைப் பேனாவில் போட்டுக்கொள்கிறார். சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. ஆனாலும் வெறும் வயிற்றில் சர்க்கரை ஒருநாள் 110, மறுநாள் 260 என்று காட்டுகிறது. இரண்டு முறை டோஸை ஏற்றியாயிற்று. கம்பெனியை மாற்றிப் பார்க்கலாமா? – வாசகி, திண்டுக்கல்

கம்பெனியை மாற்றும் யோசனை இப்போதைக்கு வேண்டாம். அளவு எப்போதும் கூடுதலாகவே இருந்தால் டோஸ் போதவில்லை என்று நினைக்கலாம். இப்படி ஏறி இறங்கினால், மருந்து தினமும் ஒரே அளவில் உடம்புக்குள் போகிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அம்மாவை மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டு, தொப்புளுக்கு இரு பக்கமும் மெல்லத் தடவிப் பாருங்கள். ரப்பர் போல அழுத்தமாகவோ, தோல் தடித்தோ, லேசாக மேடிட்டோ ஓர் இடம் தட்டுப்படலாம். பல வருடம் ஊசி போட்டவர்களிடம் இது மிகவும் சகஜம். இன்சுலினுக்கே கொழுப்பை வளர்க்கும் குணம் உண்டு. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் குத்தும்போதும், ஒரே ஊசியைப் பல நாள் பயன்படுத்தும்போதும் அந்த இடத்தில் கட்டி விழுகிறது. அங்கே குத்தினால் வலிக்காது. வலிக்காததாலேயே கை மறுபடியும் அங்கேதான் போகும். கட்டிக்குள் போன இன்சுலின் ஒருநாள் மெதுவாக ஊறும், இன்னொரு நாள் பாதிதான் ஊறும். 110-க்கும் 260-க்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

கட்டி இருந்தால் அந்த இடத்தை மாதக்கணக்கில் விட்டுவிட வேண்டும், தானாக அமுங்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: கட்டியில் குத்தியே ஏற்றிய டோஸை அப்படியே நல்ல இடத்தில் போட்டால் மருந்து முழுதாக வேலை செய்து சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அதனால் இடத்தை மாற்றுவதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், டோஸைக் குறைத்துக் கொடுப்பார். அந்த வாரம் குளூக்கோமீட்டரில் அடிக்கடி பார்க்கவும் வேண்டும்.

இனிமேல் குத்தும் இடத்துக்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டு, வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பாகம். அந்தப் பாகத்துக்குள்ளும் நேற்று குத்திய இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளியே இன்று குத்த வேண்டும்.

அடுத்து, மருந்தைக் கலக்குவது. 30/70 என்பது சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலின் 30 பங்கும் மெதுவாக வேலை செய்யும் இன்சுலின் 70 பங்கும் கலந்த, பால்போல இருக்கும் மருந்து. பேனா படுத்துக் கிடக்கும்போது வெள்ளைப் பகுதி அடியில் தங்கிவிடும். கலக்காமல் போட்டால் ஒருநாள் தெளிந்த பகுதி கூடுதலாகவும் மறுநாள் அடர்ந்த பகுதி கூடுதலாகவும் போகும். ஊசியை மாட்டுவதற்கு முன், பேனாவை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே 10 முறை உருட்டுங்கள். பிறகு மேலும் கீழுமாக 10 முறை சாயுங்கள். கார்ட்ரிட்ஜுக்குள், அதாவது பேனாவில் மாட்டும் மருந்துக் குழாய்க்குள், இருக்கும் சின்னக் கண்ணாடிக் குண்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட வேண்டும். மருந்து முழுக்க ஒரே வெள்ளையாக வர வேண்டும். வேகமாகக் குலுக்காதீர்கள், நுரைத்துக்கொள்ளும். கலக்கிய பிறகும் திப்பி திப்பியாக மிதந்தாலோ, கண்ணாடிச் சுவரில் வெள்ளை ஒட்டி நின்றாலோ அந்தக் கார்ட்ரிட்ஜ் கெட்டுவிட்டது. கார்ட்ரிட்ஜில் 12 யூனிட்டுக்குக் குறைவாக மிச்சமிருந்தால் குண்டு ஓட இடம் போதாது, மருந்து சரியாகக் கலக்காது. அப்போது புதியதை மாட்டுங்கள்.

மூன்றாவது, பட்டனை அழுத்திய பின் எவ்வளவு நேரம் ஊசி உள்ளே இருக்கிறது? பேனாவில் அளவு காட்டும் ஜன்னலில் 0 வந்ததும் உருவிவிடுகிறார்கள். அப்போதும் ஊசி முனையிலிருந்து மருந்து வந்துகொண்டுதான் இருக்கும். கட்டைவிரலைப் பட்டனிலிருந்து எடுக்காமல் நிதானமாக 10 வரை எண்ணி, நேராக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகு தோலில் ஒரு சொட்டு நின்றால் பரவாயில்லை. அதற்காக மறுபடி போடக் கூடாது.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் காலை சர்க்கரை குதித்தால், இரவு டோஸை ஏற்றும் முன் இரண்டு மூன்று நாள் அதிகாலை 3 மணிக்கு எழுப்பிப் பார்த்துக் குறித்து, அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள்.

ஒவ்வொரு தடவையும் 2 யூனிட்டை வெளியே பீய்ச்சிவிட்டுத்தான் போட வேண்டுமாம். மருந்து விற்கிற விலைக்கு இது வீண் இல்லையா? – வாசகர், சேலம்

கணக்குப் பார்த்துவிடலாம். கார்ட்ரிட்ஜில் 3 மில்லி, அதாவது 300 யூனிட். ஒருவர் காலையும் இரவுமாக 40 யூனிட் போடுகிறார் என்றால் ஏழரை நாள் வரும். தினம் 4 யூனிட்டை வெளியே விட்டால் ஏழு நாளுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். நஷ்டம் முக்கால் நாள் மருந்து. விடாவிட்டால் என்ன நஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது, அதுதான் சிக்கல். ஊசிக்குள் காற்று நிற்கலாம், ஊசி அடைத்திருக்கலாம், பேனாவின் பிஸ்டன் புதுக் கார்ட்ரிட்ஜின் பின்பக்க ரப்பரைத் தொடாமல் இருக்கலாம். டயல் திரும்பும், பட்டன் உள்ளே போகும், 0-வும் வரும். மருந்து மட்டும் வந்திருக்காது.

2 யூனிட் வைத்து, ஊசி முனை மேலே பார்க்கப் பிடித்து, கார்ட்ரிட்ஜை விரலால் இரண்டு தட்டு தட்டி, பட்டனை அழுத்துங்கள். முனையில் மருந்து எட்டிப் பார்க்க வேண்டும். வராவிட்டால் மறுபடி 2 யூனிட். புதுக் கார்ட்ரிட்ஜுக்கு நாலைந்து முறை கூட ஆகலாம். அப்படியும் வராவிட்டால் ஊசியை மாற்றுங்கள். ஊசியின் பின்முனை கார்ட்ரிட்ஜ் ரப்பரைத் துளைக்காமல் கோணலாக மாட்டியிருந்தாலும் இதேதான் நடக்கும்.

மிச்சம் பிடிக்க நினைத்து ஊசியைக் கழற்றாமல் பேனாவிலேயே விட்டு வைப்பவர்கள்தான் உண்மையில் மருந்தை வீணாக்குகிறார்கள். வெயில் ஏறினால் மருந்து விரிந்து ஊசி வழியே சொட்டும். குளிர்ந்தால் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். போட்டு முடித்ததும் வெளி மூடியை மாட்டி, ஊசியைத் திருகிக் கழற்றிவிடுங்கள்.

எங்கள் ஊரில் மின்வெட்டு அதிகம். வீட்டில் ஃப்ரிட்ஜும் இல்லை. பேனாவை எங்கே வைப்பது? – வாசகி, கமுதி

பயன்படுத்திக்கொண்டிருக்கும் பேனாவுக்கு ஃப்ரிட்ஜ் தேவையில்லை. 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் போதும். பிரிக்காத கார்ட்ரிட்ஜுக்குத்தான் 2 முதல் 8 டிகிரி வேண்டும். அதனால் மாதக்கணக்குக்கு மொத்தமாக வாங்கி வைக்காமல், மருந்துக் கடையில் ஒன்று ஒன்றாக வாங்குங்கள். கடைக்காரர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறாரா என்று கண்ணால் பார்த்து வாங்குவது நல்லது.

சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டும். அதற்கு மண்பானைதான் வழி. பெரிய பானைக்குள் கொஞ்சம் மணல் பரப்பி, உள்ளே சின்ன மண்சட்டியை வைத்து, இரண்டுக்கும் நடுவிலும் மணலை நிரப்பி, மணல் நனையத் தண்ணீர் ஊற்றுங்கள். பேனாவை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சின்னச் சட்டியில் வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். காற்று படும் நிழலில் இருக்கட்டும், காலையும் மாலையும் மணலை நனையுங்கள். வறண்ட ஊரில் இது நன்றாக வேலை செய்யும். கடலோரத்துப் புழுக்கத்தில் அவ்வளவாகக் குளிராது.

பிரித்த தேதியைக் கார்ட்ரிட்ஜ் மேல் ஒட்டி எழுதிவையுங்கள். பல இன்சுலின்களுக்குக் கெடு 28 நாள், லாண்டஸுக்கும் அதுதான். டெக்லுடெக் போன்ற சில 56 நாள் தாங்கும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருப்பதே கணக்கு. ஃப்ரிட்ஜ் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஃப்ரீஸரை ஒட்டி வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் உதவாது.

பேனா உடைந்துவிட்டது. அவசரத்துக்குக் கார்ட்ரிட்ஜிலிருந்து சாதாரண இன்சுலின் சிரிஞ்சில் 20 யூனிட் எடுத்து அப்பாவுக்குப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டி மயங்கிவிட்டார். பிறகு பிழைத்துக்கொண்டார். எங்கே தப்பு? – வாசகர், விருத்தாசலம்

சிரிஞ்சில். நம் ஊரில் அதிகம் புழங்கும் பாட்டில் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சு சிவப்பு மூடி போட்டது. பேனாவின் கார்ட்ரிட்ஜில் இருப்பதோ ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். பாட்டில் மருந்தாக இருந்தால் அது 20 யூனிட். கார்ட்ரிட்ஜ் மருந்தில் அது 50 யூனிட். அப்பாவுக்கு இரண்டரை மடங்கு போயிருக்கிறது.

100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு உண்டு. ஆனாலும் கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சைக் குத்தும் பழக்கமே வேண்டாம். பேனா போடுகிறவர்கள் வீட்டில் மாற்றுப் பேனா ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதுவும் அதே கம்பெனியுடையதாக. ஒரு கம்பெனி கார்ட்ரிட்ஜை இன்னொரு கம்பெனிப் பேனாவில் திணித்துப் போடக் கூடாது.

கார்ட்ரிட்ஜில் 8 யூனிட்தான் மிச்சம். எனக்கு 20 வேண்டும். – வாசகர், ஆவடி

உங்களுடையது தெளிந்த மருந்து என்றால் 8-ஐப் போட்டுவிட்டு, புதுக் கார்ட்ரிட்ஜ் மாட்டி, காற்றை வெளியேற்றி, புது ஊசியில் 12 போடுங்கள். பால்போன்ற மருந்து என்றால் மேலே சொன்னதுபோல அந்த 8 கணக்கில் இல்லை. பாதியில் மருந்து தீர்ந்துபோனால் சில பேனாக்களில் ஜன்னல் 0-க்கு வராமல் 12-இல் நின்றுவிடும். இன்னும் போட வேண்டியது அவ்வளவு என்று பொருள்.

ராத்திரி என் கணவருக்கு லோ சுகர் ஆகிறது. பாலும் பிஸ்கட்டும் கொடுத்தும் தெளிய நேரமாகிறது. – வாசகி, ஈரோடு

பாலிலும் பிஸ்கட்டிலும் கொழுப்பு இருக்கிறது. சர்க்கரை ரத்தத்துக்கு வரத் தாமதமாகும். 70-க்குக் கீழே போனால் முதலில் 15 கிராம் குளுக்கோஸ் பொடி. அது இல்லாவிட்டால் குவியலாக 3 டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ கொடுக்கலாம். அவருடைய மாத்திரைப் பட்டியலில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். தலைமாட்டில் ஒரு டப்பா வைத்துவிடுங்கள்.

நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ராத்திரி லோ சுகர் அடிக்கடி வந்தால் இரவு டோஸ் கூடுதல் என்று அர்த்தம். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

எனக்கும் என் மனைவிக்கும் ஒரே இன்சுலின். ஊசியை மட்டும் மாற்றி ஒரே பேனாவில் போடலாமா? – வாசகர், மதுரை

கூடாது. குத்தும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கார்ட்ரிட்ஜுக்குள் ஏறலாம். ஊசியை மாற்றினாலும் அது உள்ளேதான் இருக்கும். மஞ்சள் காமாலைக் கிருமிகள் இப்படிப் பரவும். ஆளுக்கொரு பேனா, பேனா மேல் பெயர்.

கழற்றிய ஊசியைக் குப்பையில் போடலாமா? – வாசகி, திருச்சி

வெளி மூடியோடு போட்டாலும் குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில், திருகு மூடி உள்ளதாகப் பார்த்துச் சேர்த்து வையுங்கள். முக்கால்வாசி நிரம்பியதும் டேப் சுற்றி, நீங்கள் வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையில் வாங்கிக்கொள்கிறார்களா என்று கேட்டுக் கொடுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஊசி துளைத்து வெளியே வரும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறேன். இன்சுலினை அப்படியே போடலாமா? – வாசகர், காரைக்குடி

அப்படியே போடக் கூடாது. நாள் முழுக்க நடக்கும்போது தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், டோஸ் குறைய வேண்டும். எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். தொடையில் போடும் பழக்கம் இருந்தால் அந்த நாட்களில் வயிற்றில் போடுங்கள். நடக்கிற காலில் மருந்து வேகமாக ஊறும். ஊசி போட்டுவிட்டு, அன்னதானம் அடுத்த பந்தலில் கிடைக்கும் என்று நடக்காதீர்கள். இலை முன்னால் வந்த பிறகு போடும் வகை இன்சுலினா, அரை மணி முன்பே போட வேண்டிய வகையா என்று தெரிந்து வைத்திருங்கள். அரை மணி வகை என்றால் சாப்பாடு உறுதியான பிறகே ஊசி. பேனா சட்டைப் பையில் வேண்டாம், உடம்புச் சூடும் வெயிலும் சேரும். ஈரத்துணி சுற்றிய டப்பாவில் பைக்குள் இருக்கட்டும். குளுக்கோஸ் மட்டும் சட்டைப் பையில்.

வெறுங்காலோடு நடப்பதுதான் எங்களுக்கு உண்மையான கவலை. பாதத்தில் மரமரப்பு இருந்தால் முள் குத்தியதும் தார் சுட்டதும் தெரியாது. மருத்துவர் காலைப் பார்த்து உணர்ச்சி குறைவு என்று சொல்லியிருந்தால் மென்மையான செருப்போடு நடங்கள். இரவு தங்கும் இடத்தில் கூட வருபவரிடம் டார்ச்சைக் கொடுத்து, விரலிடுக்கு உட்பட உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் கண்டால் உடைக்காமல் துணி கட்டி, அங்கிருந்து பஸ் ஏறிவிடுங்கள்.