பெல்ட் கத்துதுங்க, வீட்டுலயே மாத்தலாமா? – வண்டி வாசகர் கேள்வி பதில்

கேள்வி (வாசகர், சோமனூர்): அண்ணா வணக்கம். நம்மளது பெட்ரோல் கார், எட்டு வருசம் ஆச்சு, 80,000 கிலோமீட்டர் தாண்டிருச்சு. காலைல ஸ்டார்ட் பண்ணுனா கீச்சுன்னு சத்தம், ஏசி போட்டா இன்னும் எச்சா கேக்குது, கொஞ்ச தூரம் ஓட்டுனா நின்னுருது. சர்வீஸ் சென்டர்ல எஞ்சின் பெல்ட்டு, அதை டைட்டா வெக்கற டென்ஷனர், அதை வழி திருப்பி உடற ஐட்லர் புல்லி எல்லாத்தையும் மாத்தோணும்னு பெரிய எஸ்டிமேட்டா குடுத்துட்டாங்க. நான் தறி ஓட்டறவனுங்க, பெல்ட் மாத்தறது எனக்கு ஒண்ணும் புதுசில்ல. வீட்டுலயே மாத்திக்கட்டுங்களா?

பதில்: தாராளமா மாத்தலாமுங்க. ஆனா பெல்ட் வாங்கறதுக்கு முன்னாடி சத்தம் எதனால வருதுன்னு பாத்துருங்க, ஏன்னா புது பெல்ட் போட்டும் மூணு மாசத்துல அதே சத்தத்தோட வர்ற வண்டி நெறைய இருக்கு.

எஞ்சின் க்ராங்க் புல்லில இருந்து இந்த ஒரே பெல்ட்டு வளைஞ்சு வளைஞ்சு போயி ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், சில வண்டில வாட்டர் பம்ப், ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் இருந்தா அந்த பம்ப்னு எல்லாத்தையும் சுத்துது. காலைல செல்ஃப் அடிச்சதும் பேட்டரில எறங்குன சார்ஜை திருப்பி ஏத்தறதுக்கு ஆல்டர்னேட்டர் உடனே லோடு எடுக்கும், ஏசி போட்டா கம்ப்ரசரும் சேந்து இழுக்கும், அந்த நேரத்துல பெல்ட்டு புல்லி மேல வழுக்குனா அதுதான் நீங்க கேக்கற கீச்சு. வழுக்கறதுக்கு காரணம் பெல்ட் தேஞ்சதா இருக்கலாம், டென்ஷனர் ஸ்பிரிங் தளந்துருக்கலாம், ஏதாவது ஒரு புல்லி பேரிங் இறுகியிருக்கலாம், மேல எங்கயாவது ஆயிலோ கூலன்ட்டோ கசிஞ்சு பெல்ட்ல படலாம். இதுல மொதல் காரணத்துக்கு மட்டுந்தான் புது பெல்ட்டு மருந்து.

பெல்ட்ல வெடிப்பு இல்லையே, நல்லாத்தானே இருக்குன்னு நெறைய பேரு உட்டுருவாங்க. அது பழைய நியோப்ரீன் பெல்ட் காலத்து கணக்குங்க. இப்ப பெரும்பாலும் வர்றது ஈபிடிஎம் ரப்பர், அது லேசுல வெடிக்காது, டயர் பட்டன் தேயற மாதிரி உள்பக்க வரியெல்லாம் தேஞ்சுக்கிட்டே போகும். வரியும் வரியும் நடுவுல இருக்கற பள்ளம் அகலமாயிருச்சுன்னா பெல்ட்டு புல்லி பள்ளத்துல அடி வரைக்கும் எறங்கி உக்காந்துரும், பக்கவாட்டுல பிடிமானம் போயிரும். பாக்கறதுக்கு பளபளன்னு நல்ல பெல்ட் மாதிரியே இருக்கும்.

வீட்டுலயே ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. சத்தம் வர்ற நேரத்துல எஞ்சினை ஐட்லிங்ல உட்டு, ஸ்ப்ரே பாட்டில்ல நல்ல தண்ணிய பெல்ட்டோட வரிப் பக்கம் லேசா அடிங்க. சத்தம் நின்னு கொஞ்ச நேரத்துல மறுபடி வந்தா ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டுல இல்லைன்னு சந்தேகப்படலாம். தண்ணி பட்டதும் சத்தம் எச்சானா டென்ஷன் பத்தல. வேட்டி கட்டிக்கிட்டு, தோள்ல துண்டு போட்டுக்கிட்டு ஓடற எஞ்சின் பக்கம் குனியாதீங்க, தறிக்காரருக்கு இதை நான் சொல்லவே வேண்டாம், இருந்தாலும் சொல்றேன்.

அடுத்து, உங்க வண்டி எந்த வகைன்னு பானட்டைத் தூக்கிப் பாருங்க, வீடா பட்டறையான்னு அங்கதான் முடிவாகும். ஸ்பிரிங் வெச்ச ஆட்டோமேட்டிக் டென்ஷனர் இருந்து, அதுல ஸ்பேனர் போடற அளவுக்கு எடமும் இருந்தா வீட்டு வேலைதான். சின்ன கார் பலதுல டென்ஷனரே இருக்காது, ஆல்டர்னேட்டர் பிராக்கெட்ல போல்ட்டை லூஸ் பண்ணி இழுத்து டைட் வைக்கறது, அதுவும் உங்களுக்கு பழகுன வேலை. ஆனா தறில பண்றாப்புல கை பலத்துக்கு இழுத்துக் கட்டீராதீங்க, எச்சா டைட் வெச்சா ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் தான் பலியாகும், பெல்ட்டை அமுக்குனா எத்தனை மில்லிமீட்டர் அமுங்கோணும்னு மேனுவல்ல போட்டுருப்பான், அதைப் பாத்து வைங்க. அட்ஜஸ்ட்மென்ட்டே இல்லாத ஸ்ட்ரெட்ச் பெல்ட் போட்ட வண்டியும் இருக்கு, அதுக்கு தனி டூல் வேணும், அது இல்லாம ஸ்க்ரூ டிரைவர்ல நெம்பி ஏத்துனா உள்ள நூல் அந்துரும். அப்பறம் சில வண்டில எஞ்சின் மவுன்ட் பெல்ட்டுக்கு நடுவுலயே போகும், எஞ்சினுக்கு முட்டு குடுத்து மவுன்ட்டைக் கழட்டுனாத்தான் பெல்ட் வெளிய வரும். இந்த ரண்டு வகையா இருந்தா பேசாம பட்டறைக்கு உட்டுருங்க.

பெல்ட் முதுகுலயே நம்பர் இருக்கும். 6பிகே1750ன்னு இருந்தா ஆறு வரி, 1750 மில்லிமீட்டர் நீளம். பழசை டேப் வெச்சு அளந்துட்டுப் போயி வாங்காதீங்க, நம்பரையும் வண்டி சேஸிஸ் நம்பரையும் குடுத்து வாங்குங்க, ஒரே மாடல்லயே ஏசி இருக்கறதுக்கு ஒரு நீளம், இல்லாததுக்கு ஒரு நீளம் வரும்.

கழட்டறப்ப எஞ்சின் நல்லா ஆறியிருக்கோணும், சாவிய எடுத்துருங்க, பேட்டரி நெகட்டிவ்வும் கழட்டிருங்க. ரேடியேட்டர் ஃபேன் சில வண்டில எஞ்சின் ஆஃப் பண்ணுன பின்னாடியும் தானா சுத்தும். பெல்ட் போற வழிய போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு ஒரு பேப்பர்லயும் வரைஞ்சு வைங்க. முன் சக்கரத்தைக் கழட்டுனாத்தான் கை போகும்ங்கற வண்டியா இருந்தா வெறும் ஜாக்கிய நம்பி கீழ போகாதீங்க, ஸ்டாண்டு போடுங்க.

பெல்ட் வெளிய வந்ததும் அவசரமா புதுசை மாட்டாதீங்க, இந்த வேலைல முக்கியமான நேரமே இதுதான். ஒவ்வொரு புல்லியையும் கைல சுத்திப் பாருங்க. ஐட்லரை ஒரு சுண்டு சுண்டுனா சத்தமில்லாம சுத்தி நிக்கோணும், கரகரன்னு கைக்கு தெரிஞ்சாலோ கிரீஸே இல்லாத மாதிரி லொடலொடன்னு ரொம்ப நேரம் சுத்துனாலோ பேரிங் போச்சு. வாட்டர் பம்ப் புல்லிய முன்ன பின்ன ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தாலோ அது அடில கூலன்ட் காஞ்ச கறை இருந்தாலோ பெல்ட்டோட சேத்து பம்ப்பும் மாத்தோணும். டென்ஷனர் கையை ஸ்பேனர்ல மெதுவா நகத்தி உடுங்க, சிக்காம ஒரே சீரா திரும்பி வரோணும். தறி ஷெட்டு பக்கத்துலயே வண்டி நிக்குதுன்னா புல்லி பள்ளத்துல பஞ்சு அடைஞ்சுருக்கும், காஞ்ச பிரஷ் போட்டு சுத்தம் பண்ணிருங்க. இப்படிப் பாத்துட்டீங்கன்னா சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்ல எது நெசமாவே வேணும்னு உங்களுக்கே தெரிஞ்சுரும். 80,000 ஓடுன வண்டிக்கு டென்ஷனரும் மாத்தச் சொல்றது ஏமாத்து வேலைன்னு சொல்ல மாட்டேன், ஆனா எந்த புல்லில என்ன கோளாறுன்னு காட்டச் சொல்லி கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு.

மாட்டறப்ப வரியில்லாத வழவழப்பான புல்லிய கடைசியா வெச்சுக்கிட்டா ஏத்தறது சுலபம். ஒரு வரி தள்ளி உக்காந்துருச்சுன்னா ஓரம் பிஞ்சு சீக்கிரமே அந்து போகும், அதனால லைட் அடிச்சு ஒவ்வொரு புல்லியா பாத்துருங்க. ஸ்பேனர் போட்டு க்ராங்க்கை எஞ்சின் சுத்தற பக்கமே ரண்டு சுத்து சுத்தி மறுபடி பாத்துட்டு, அப்பறம் பேட்டரிய மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க.

கேள்வி (வாசகர், பல்லடம்): பெல்ட் சத்தத்துக்கு சோப்பு தேச்சு உட்டாங்க, நின்னுருச்சு. அப்படியே ஓட்டலாமா?

பதில்: வேண்டாமுங்க. சோப்பு, பவுடர், ஸ்ப்ரே எல்லாமே சத்தத்தை மறைக்கும், வழுக்கறதை நிறுத்தாது. புழுதியும் சேந்து ஒட்டி புல்லி பள்ளம் கெட்டுப் போகும்.

கேள்வி (வாசகர், சத்தியமங்கலம்): வாரா வாரம் திம்பம் ஏறி எறங்கற பழைய டீசல் வண்டி. மலைல பெல்ட் அந்துட்டா மெதுவா கீழ எறங்கி வந்தர்லாமுங்களா?

பதில்: இதை மட்டும் சாதாரணமா எடுத்துக்காதீங்க. பேட்டரி லைட் எரிஞ்சு, ஸ்டியரிங் திடீர்னு கல்லு மாதிரி ஆச்சுன்னா பெல்ட் போயிருச்சுன்னு அர்த்தம், 27 கொண்டை ஊசி வளைவுல அந்த ஸ்டியரிங்க வெச்சு ஒடிக்கறது லேசில்ல. அதைவிடப் பெரிய ஆபத்து பிரேக்குல இருக்கு. பழைய டீசல் வண்டி பலதுல பிரேக் மிதிக்கற பலத்தைக் கூட்டிக் குடுக்கற பூஸ்டருக்கு காத்தை உறிஞ்சற வேக்வம் பம்ப்பு ஆல்டர்னேட்டர் பின்னாடியே இருக்கும், பெல்ட் அந்தா அதுவும் நின்னுரும். மிச்சம் இருக்கற வேக்வத்துல சில மிதி கிடைக்கும், அதுக்கப்பறம் பெடல் கெட்டியாயி முழு பலத்தோட மிதிச்சாத்தான் கொஞ்சமாவது பிடிக்கும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்ல சுத்துச்சுன்னா எஞ்சினும் சூடாயிரும். ஓரமா நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு கல்லு வெச்சுட்டு ஆளைக் கூப்புடுங்க. அடுத்த தடவை மலை ஏறறதுக்கு முன்னாடி உங்க வண்டில வேக்வம் பம்ப் எங்க இருக்குன்னு மெக்கானிக்கை கேட்டு வெச்சுக்குங்க, நல்ல பெல்ட் ஒண்ணு ஸ்பேரா டிக்கில கெடக்கட்டும்.

கேள்வி (வாசகர், கரூர்): டைமிங் பெல்ட்டையும் இதே மாதிரி வீட்டுல மாத்தலாமா?

பதில்: கூடாதுங்க, அது வேற வேலை. எஞ்சின் க்ராங்க்கையும், வால்வைத் தெறந்து மூடற கேம்மையும் ஒண்ணா கணக்கா சுத்த வெக்கற பல்லு வெச்ச பெல்ட்டு அது. க்ராங்க்கும் கேம்மும் ஒரு பல்லு தள்ளி மாட்டுனாலே வண்டி ஒழுங்கா ஓடாது, எச்சா தள்ளிப் போச்சுன்னா பல எஞ்சின்ல வால்வு பிஸ்டன்ல இடிச்சு ஹெட்டையே எறக்க வேண்டி வரும். மேனுவல்ல போட்டுருக்கற கிலோமீட்டர், வருசம் இதுல எது முந்துதோ அப்ப, அது ரண்டையும் நகராம பிடிக்கற லாக்கிங் டூல் வெச்சுருக்கற பட்டறைல குடுத்து மாத்துங்க, அந்த பெல்ட்லயே வாட்டர் பம்ப் ஓடுனா அதையும் அப்பவே சேத்து மாத்தச் சொல்லீருங்க.