அம்மிணியின் போனைத் திருப்பிக் கொடுங்கள்

போன வாரம் மகளின் வேலை பற்றி யோசனை கேட்டு, சென்னிமலைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, ஈரோட்டில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படிக்கும் மகள். உட்கார்ந்ததும் அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்து என் மேசையில் வைத்தார். மகளுடைய போன்.

"பத்து நாளா எங்கிட்டத்தானுங்க இருக்குது. பொழுதன்னிக்கும் இதுலயே கெடந்தா வேலை எப்படிங்க கெடைக்கும்?"

பெங்களூரில் இருக்கும் பெரியப்பா மகன் ஆறு மாத சாஃப்ட்வேர் கோர்ஸ் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். கட்டணம் 1,80,000 ரூபாய், வேலை உறுதியாம். ஒறம்பரை மொத்தமும் அதையே சொல்கிறது. அம்மா ஆரத்தை அடகு வைக்கத் தயாராக இருந்தார். பெண் மட்டும் ஒன்றும் பேசவில்லை.

கவலைப்படாதீர்கள் என்று ஆரம்பித்தேன், வழக்கம்போல. அப்புறம் அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு போனைத் திறந்து பார்த்ததும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இன்ஸ்டாகிராமில் 34 சின்ன வீடியோக்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தோட்டத்துக் கிணற்று நீரில் டிடிஎஸ் பேனாவை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் சின்னக் கருவி) விட்டு, அது காட்டும் எண்ணையும் தேதியையும் போட்டிருக்கிறாள். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாத ஊரில் 2000 வரை போகலாம் என்பதையும் ஒரு ஓரத்தில் எழுதியிருக்கிறாள். இது போக ஒரு வீடியோ கல்லூரி ஆய்வகத்தில் எடுத்தது. கூம்புக் குடுவையில் மஞ்சள் நிற நீர், பியூரெட்டிலிருந்து வெள்ளி நைட்ரேட் சொட்டுச் சொட்டாக விழுகிறது, ஒரு சொட்டில் எல்லாம் செங்கல் நிறமாகிறது. கீழே ஒரு வரி: "உப்பு இருக்குன்னு பேனா சொல்லும், எந்த உப்புன்னு சொல்லாது. இது குளோரைடு."

பார்த்தவர்கள் அறுபது எழுபது பேர்தான். அதில் ஒருவர் திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் லேப் பார்ப்பவர். "ஹார்ட்னஸ் பாத்தியாம்மா? கால்சியம் எவ்வளவு?" என்று கேட்டிருந்தார். ஹார்ட்னஸ் என்றால் தண்ணீரின் கடினத்தன்மை. கேள்வி வந்த மறுநாள் போன் அப்பாவின் சட்டைப்பைக்குப் போய்விட்டது. பத்து நாளாகப் பதில் இல்லை.

அண்ணா, நீங்கள் பிடுங்கி வைத்தது அந்தப் பதிலைத்தான்.

1973-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் ஒன்று கேட்டார்: சொல்லிவிட்டவரை நீங்கள் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்? அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிற அரைகுறைப் பழக்கக்காரர்தான் வழி காட்டியிருந்தார். 2022-ல் வேலைத் தொடர்புத் தளமான லிங்க்ட்இனின் இரண்டு கோடிக்கு மேற்பட்ட பயனாளர்களை வைத்து வந்த ஆய்விலும் நெருங்கிய வட்டத்தைவிட ஓரளவு தூரத்துப் பழக்கமே வேலைக்கு அதிகம் உதவியது. காரணம் எளிது. நமக்குத் தெரிந்ததேதான் பெரியப்பா வீட்டுக்கும் தெரியும். கல்யாண வீட்டில் பத்துப் பேர் ஒரே கோர்ஸைச் சொன்னால் அது பத்து யோசனை ஆகிவிடாது. ஒரே பேச்சு பத்து வாயில் வருகிறது, அவ்வளவுதான்.

ஆசிரியர் வேலை, வங்கித் தேர்வு, எம்.சி.ஏ. இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்று உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது: சாயக்கழிவு நீர்ப் பரிசோதனை.

நான் சொன்னதும் அப்பாவின் முகம் மாறியது. "எங்க கெணத்தக் கெடுத்தவனுககிட்டயே புள்ளைய அனுப்பறதுங்களா?" கோபம் நியாயமானது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையானதை நொய்யல் ஆற்றோரத்தில் யாரும் மறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்றானது.

அந்த ஏற்பாடு முழுக்க வேதியியல். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும், அடர் நிறமென்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் வரை. துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பு தண்ணீரிலேயே நிற்கும். கழிவுநீரை முதலில் நுண்ணுயிர்களை வைத்துச் சுத்தம் செய்து, ஆர்ஓ சவ்வில் தள்ளி நல்ல தண்ணீரைப் பிரிப்பார்கள். மிஞ்சும் கெட்டி உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி, உப்பைப் படிகமாக எடுத்து மறுபடி சாயத்துக்கே அனுப்புவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது சாம்பிள் எடுத்து டிடிஎஸ், குளோரைடு, கடினத்தன்மை, சிஓடி (கழிவின் மாசைக் காட்டும் ஆக்சிஜன் தேவை அளவு) பார்த்தாக வேண்டும். கால்சியம் தப்பிப் போனால் சவ்வு அடைத்துக்கொள்ளும். அந்த லேப்காரர் உங்கள் மகளிடம் கால்சியம் கேட்டது சும்மா இல்லை, அவருடைய அன்றாடத் தலைவலியே அதுதான்.

இதே 2011-ல் நைக்கி, பூமா, எச்&எம் போன்ற பிராண்டுகள் சேர்ந்து இசட்.டி.எச்.சி. என்ற அமைப்பைத் தொடங்கின, ஆலைகளில் நச்சு ரசாயனங்களை ஒழிப்பதற்காக. இப்போது ஆர்டர் எடுக்கும் ஆலைகள் பலவும் கழிவுநீர் ரிப்போர்ட் காட்ட வேண்டியிருக்கிறது. அதனால் ஆலை லேப், பொதுச் சுத்திகரிப்பு நிலையம், என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகம், எக்ஸ்போர்ட் கம்பெனியில் விதிமுறைகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவு என்று நாலு வாசல் இருக்கிறது. நாலிலும் கேட்பது உங்கள் மகள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாகச் செய்வதைத்தான்.

சரி, அவள் செய்ய வேண்டியது. முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் போடட்டும், கால்சியம் பார்த்துவிட்டு, எண்ணோடு. லிங்க்ட்இனில் பெயருக்குக் கீழே "வேலை தேடும் மாணவி" என்று இருப்பதை எடுத்துவிட்டு, "நொய்யல் ஓரக் கிணற்று நீரை வாராவாரம் சோதிக்கும் வேதியியல் மாணவி" என்று எழுதட்டும். 34 வாரக் கணக்கை ஒரே அட்டவணையாக்கி மேலே நிறுத்தட்டும். புதியவருக்கு எழுதும்போது "சார், வேலை இருந்தா சொல்லுங்க" வேண்டாம். அவர் பதில் சொல்ல ரெண்டு நிமிடம் போதுமான ஒரு தொழில் கேள்வி கேட்கட்டும். வாரம் மூன்று பேருக்குமேல் எழுத வேண்டியதில்லை. வீடியோவில் வீட்டு அடையாளம், போன் நம்பர், மார்க் ஷீட் எதுவும் தெரியக்கூடாது.

டெலிகிராமில் பதிவுக் கட்டணம் கேட்கும் வேலை எதுவானாலும் மோசடி. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

ஆரத்தைப் பற்றி: வேண்டாம். இதில் நான் இறங்கி வரமாட்டேன். "வேலை உறுதி" என்பவரிடம், வேலை கிடைத்தபின் பணம் தருகிறோம் என்று எழுதிக் கேளுங்கள், அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும். படிப்பு முடிந்ததும் மத்திய அரசின் தொழிற்பயிற்சித் திட்டமான நாட்ஸ் தளத்தில் அப்ரென்டிஸ் ஆகப் பதிந்தால் பயிற்சிக்கு உதவித்தொகையே உண்டு. பி.எஸ்சி. படித்தவர்களும் பதியலாம். உங்கள் பெண் பைதான் என்ற கணினி மொழியைத் தொட்டு மூன்று நாளில் மூடிவிட்டாள், இந்தப் பேனாவை 34 வாரமாக விடவில்லை. அவளிடம் நானும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கத் தேவைப்படவில்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. தொடக்கச் சம்பளம் பெரியப்பா மகன் வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். சுத்திகரிப்பு நிலையம் ராத்திரியும் ஓடும், அதனால் லேபில் ஷிப்ட் உண்டா, பெண்களுக்கு ராத்திரி ஷிப்ட் போடுகிறார்களா, கம்பெனி வண்டி சென்னிமலை வரை வருமா, அமிலம் கையாளக் கையுறையும் கண்ணாடியும் தருகிறார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். அப்பாவும் கூடப் போய் லேபை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரலாம்.