சைனஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் கற்றுக்கொடுப்பது என் வேலை. சைனஸைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். என்ன மாத்திரை போடலாம் என்ற கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் இல்லை. அதை உங்களை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: மேடம், சைனஸ் மொத்தம் எத்தனை? எங்கெங்கே இருக்கின்றன?

சைனஸ் என்பது முக, மண்டை எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறை. மொத்தம் நான்கு ஜோடி. கன்னத்தில் இருப்பது மாக்ஸிலரி. புருவத்துக்கு மேலே, நெற்றி எலும்புக்குள் ஃப்ரான்டல். மூக்குத் தண்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் எத்மாய்டு. தலைக்குள் நன்றாக ஆழத்தில், மூக்கின் பின்கோடியில் ஸ்பீனாய்டு. எத்மாய்டு மட்டும் ஒரே அறையாக இருக்காது, சின்னச் சின்ன அறைகளின் கூட்டமாக இருக்கும். எல்லாவற்றிலும் பெரியது மாக்ஸிலரி. வளர்ந்தவர்களுக்கு ஒரு பக்கத்தில் சுமார் 15 மில்லி கொள்ளும்.

இந்த அறைகளுக்குள் இருப்பது வெறும் காற்று. மூக்கின் உட்புறச் சவ்வேதான் சிறு துளைகள் வழியாக இவற்றுக்குள்ளும் போய்ப் படர்ந்திருக்கிறது. அதனால் ஜலதோஷம் பிடித்தால் மூக்கோடு நிற்பதில்லை, சைனஸ் சவ்வும் சேர்ந்தே வீங்குகிறது.

கேள்வி: கன்னத்து அறையில் ஊறும் சளி தானாகக் கீழே வடிந்துவிட வேண்டியதுதானே? ஏன் தேங்குகிறது?

வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நிறைய எழுதப் போகிறேன்.

மாக்ஸிலரி சைனஸின் வாசல் அதன் அடியில் இல்லை, மேல்பக்கத்தில் இருக்கிறது. வடிகுழாயைக் கூரையை ஒட்டி வைத்துக் கட்டிய தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் நிமிர்ந்து நிற்கும்போது அது தானாக வடிய வழியே கிடையாது.

பிறகு எப்படி வெளியேறுகிறது? சவ்வின் மேல் சிலியா என்ற நுண்ணிழைகள் இருக்கின்றன. வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் துடித்து, சளிப் படலத்தைத் தரையிலிருந்து சுவர் வழியாக மேலே ஏற்றி, சரியாக அந்த வாசலுக்கே கொண்டு சேர்க்கின்றன. ஆஸ்திரியாவைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் மெஸ்ஸர்கிளிங்கர் இந்தப் பாதைகளைப் பொறுமையாக ஆராய்ந்து காட்டினார். அதற்கு முன்பெல்லாம் சளி வடியட்டும் என்று அறையின் அடிப்பக்கத்தில் புதிதாக ஒரு துளை போடுவார்கள். சளியோ அந்தத் துளையைச் சுற்றிக்கொண்டு, பழைய வாசலைத் தேடி மேலேயே போனது! இன்று எண்டோஸ்கோப் மூலம் இயற்கையான வாசலையே அகலப்படுத்துவதற்கு இதுதான் காரணம்.

உடற்கூறு வகுப்பில், நடுவாகப் பிளந்த தலையில் மூக்கின் பக்கச் சுவரை மாணவர்களுக்குக் காட்டுவேன். டர்பினேட் எனப்படும் மூன்று மடிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும். நடு மடிப்பைத் தூக்கினால் பிறை வடிவத்தில் ஒரு குறுகிய இடுக்கு தெரியும். மாக்ஸிலரி சளி அந்த இடுக்கில்தான் வந்து விழுகிறது. ஃப்ரான்டலும் எத்மாய்டின் முன்பகுதியும் வடிவதும் அதே மடிப்பின் அடியில்தான். அந்த இடத்தில் ஓரிரு மில்லிமீட்டர் வீக்கம் வந்தாலே போதும், மூன்றும் சேர்ந்து அடைபடலாம். சைனஸ் தொல்லை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அறைகளின் கோளாறே அல்ல, வாசலின் கோளாறு.

கேள்வி: படுத்தால் சில நேரம் ஒரு பக்க அடைப்பு விட்டுவிடுகிறதே, எப்படி?

ஒருக்களித்துப் படுக்கும்போது மேல்பக்கமாக இருக்கும் கன்னத்து அறையின் வாசல் இப்போது அடியில் வந்துவிடுகிறது. சிலியாவுக்குப் புவியீர்ப்பும் கைகொடுக்கிறது.

கேள்வி: சைனஸ் எதற்காக இருக்கிறது? மண்டை ஓட்டின் எடையைக் குறைக்கவா?

பாடப்புத்தகங்களில் அப்படித்தான் படித்திருப்பீர்கள். ஆனால் அதில் மிச்சமாகும் எடை மிகக் கொஞ்சம். குரலுக்குக் கார்வை தருகிறது என்பதற்கும் வலுவான சான்று இல்லை. முகத்தில் அடிபட்டால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது என்பார்கள், அதிலும் ஒருமித்த கருத்து கிடையாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சைனஸ் சவ்வு நைட்ரிக் ஆக்சைடு வாயுவை நிறைய உற்பத்தி செய்கிறது. அது கிருமிகளைத் தடுக்கிறது, சிலியாவின் துடிப்பைத் தூண்டுகிறது, மூச்சோடு உள்ளே போய் நுரையீரலின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகினால், மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு அமைதியாக மூச்சு விடும்போது வருவதைப்போல் 15 மடங்கு கூடுகிறது என்று ஸ்வீடனின் வைட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் இருவரும் 2002-இல் காட்டினார்கள். அதிர்வினால் சைனஸுக்கும் மூக்குக்கும் இடையே காற்று வேகமாகப் பரிமாறுகிறது. இதை ஒரு வைத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாசல் திறந்திருந்தால் அறை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று காட்டுவதற்காகச் சொன்னேன்.

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. நெற்றி வலிக்கிறது என்கிறாள். சைனஸாக இருக்குமா டாக்டர்?

நெற்றி சைனஸாக இருக்க வாய்ப்பில்லை, அம்மா. பிறக்கும்போது சிறிய அளவிலாவது இருப்பவை மாக்ஸிலரியும் எத்மாய்டும்தான். நெற்றியில் இருப்பது எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியவே ஆறேழு வயதாகும், பதின்பருவம் முடியும்வரை வளரும். வலிக்கு வேறு காரணம் இருக்கலாம், குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சி.டி. ஸ்கேனில் எனக்கு வலது ஃப்ரான்டல் சைனஸே இல்லை என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

பயமே வேண்டாம். சிலருக்கு ஒரு பக்கம் உருவாவதில்லை, சிலருக்கு இரண்டுமே இருக்காது. அது நோய் அல்ல. இதன் வடிவம் ஆளுக்கு ஆள் மாறுவதால், இறந்தவரை அடையாளம் காண அவருடைய பழைய எக்ஸ்ரேயோடு தடயவியலில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

கேள்வி: சளி பிடிக்கும்போதெல்லாம் மேல்வரிசைப் பல் வலிக்கிறது. பல் டாக்டர் பல்லில் ஒன்றும் இல்லை என்கிறார்.

அவர் சொல்வது சரியாக இருக்கலாம். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் மாக்ஸிலரி சைனஸின் தரையை ஒட்டி நிற்கின்றன. சிலருக்கு நடுவில் சவ்வு மட்டும்தான். பற்களுக்குப் போகும் நரம்பும் சைனஸ் சுவரிலேயே ஓடுகிறது. நாலைந்து பற்கள் சேர்ந்தாற்போல் வலித்து, குனிந்தால் கூடினால் சைனஸை நினைக்கலாம். ஒரே ஒரு பல் சூடோ குளிரோ பட்டதும் சுரீரென்றால் பல்லைப் பாருங்கள். தலைகீழாகவும் நடக்கும்: ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்தால், சொத்தைப் பல்லின் சீழ் சைனஸுக்குள் போயிருக்கலாம்.

கேள்வி: சளி பச்சையாக இருந்தால் ஆன்டிபயாட்டிக் தேவைதானே?

நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்தப் பச்சை, வெள்ளையணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். வைரஸ் சளியிலும் வரும். பத்து நாளாகியும் குறையாமல் இருப்பது, குறைந்துவந்து மறுபடி மோசமாவது, கடும் காய்ச்சலோடு முகவலி இருப்பது ஆகியவைதான் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வைப்பவை.

கேள்வி: அழுதால் மூக்கு ஒழுகுவது சைனஸிலிருந்தா?

இல்லை. அது கண்ணீரேதான். கண்ணின் உள்ஓரத்திலிருந்து ஒரு குழாய் கீழ் டர்பினேட்டின் அடியில் வந்து திறக்கிறது.

கேள்வி: பிட்யூட்டரி கட்டியை மூக்கு வழியாக எடுக்கிறார்களாமே, நிஜமா சார்?

நான் மேடம், பரவாயில்லை. நிஜம்தான். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஸ்பீனாய்டு சைனஸின் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பீனாய்டு வழியாகப் போகும் அறுவை சிகிச்சையை ஷ்லோஃபர் என்ற அறுவை மருத்துவர் 1907-இலேயே செய்துவிட்டார். பக்கச் சுவர்களை ஒட்டி மூளைக்குப் போகும் பெரிய தமனியும் பார்வை நரம்பும் இருப்பதால் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம்.

கேள்வி: எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

எத்மாய்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் எலும்பு, உலர்ந்த மண்டையோட்டை விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெல்லியது. தொற்று அதைத் தாண்டிவிடும், அதிலும் குழந்தைகளுக்கு. சளியோடு கண்ணிமை வீங்கிச் சிவப்பது, கண் பிதுங்குவது, பார்வை மங்குவது அல்லது இரண்டாகத் தெரிவது, நெற்றியில் மெத்தென்ற வீக்கம், கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவானாலும் அப்போதே கூட்டிப்போங்கள்.